பொறி பறக்காத மஸ்கெட்: ஒரு நகல் துப்பாக்கியைச் சரிசெய்த விவரம்

பிரவுன் பெஸ் என்று பரவலாக அறியப்படும் பிரிட்டிஷ் காலாட்படை மஸ்கெட்டின் நகல் ஒன்று இந்தக் குளிர்காலத்தில் என் பட்டறை மேசைக்கு வந்து சேர்ந்தது. கனடாவின் ஒன்டாரியோவில், பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1812ஆம் ஆண்டுப் போரை நடித்துக் காட்டும் குழு ஒன்றில் இருக்கும் நண்பர் அதை விலைக்கு வாங்கியிருந்தார். பித்தளைப் பூண்கள் பளபளத்தன, குழல் நேராக இருந்தது, லாக்கின், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் இயங்குபகுதியின், மேல் கிரீடமும் அரச முத்திரையும் செதுக்கப்பட்டிருந்தன. விசையை இழுத்தால் மட்டும், கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியலான குதிரை தொப்பென்று விழுந்தது, பொறி பறக்கவில்லை. எப்போதாவது ஒன்றிரண்டு பொறிகள் தெரிந்தாலும் அவை பற்றவைக்கும் மருந்து இருக்கும் சிறு கிண்ணத்தை எட்டுவதற்குள் அணைந்துபோயின.

நான் தொழிலால் டூல் ரூம் ஃபிட்டர். பழைய துப்பாக்கிகளின் லாக்குகளைப் பிரித்துப் பார்ப்பதும் அவை ஏன் அப்படிச் செய்யப்பட்டன என்று புரிந்துகொள்வதும் பல ஆண்டுகளாக எனக்கு மிகவும் பிடித்த வேலை. இதே வகை நகலை வாங்கிவிட்டு அது வெடிக்கவில்லையே என்று வருந்துபவர்கள் பலர் இருப்பதால், செய்த வேலையைக் காரணங்களோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்த மாதிரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதற்கு இந்தியா பேட்டர்ன் என்று பெயர். பிரிட்டிஷ் படையிடம் முன்பிருந்த லாங் லேண்ட் பேட்டர்னின் குழல் 46 அங்குலம், ஷார்ட் லேண்ட் பேட்டர்னின் குழல் 42 அங்குலம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காக 39 அங்குலக் குழலோடு, அலங்காரங்களைக் குறைத்து, செலவு சுருங்கும்படி ஒரு மாதிரியைச் செய்வித்தது. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டபோது ஆயுதங்கள் போதாமல் பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் இருப்பை வாங்கிக்கொண்டது. 1797இலிருந்து அந்த மாதிரியையே தன் படைக்கும் செய்யச் சொன்னது. ஆகவே கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்கள் சுமந்த துப்பாக்கியும், 1812 அக்டோபர் 13 அன்று நயாகரா ஆற்றங்கரையில் குவீன்ஸ்டன் ஹைட்ஸ் சரிவில் பிரிட்டிஷ் வீரர்கள் சுமந்த துப்பாக்கியும் ஒரே குடும்பம். இன்று இந்த மாதிரியின் நகல்களில் பல வட இந்தியப் பட்டறைகளில் செய்யப்பட்டு வட அமெரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன. என் மேசைக்கு வந்ததும் அப்படி வந்த ஒன்றுதான்.

இதைச் செய்தவரின் கைத்திறனைக் குறைத்துப் பேச மாட்டேன். அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டை மரத்துக்குள் இறக்கியிருந்த நேர்த்தி, அரத்தைப் பல்லாண்டு பிடித்த கையின் வேலை. ஆனால் அந்தக் கைக்கு முன்னால் வைக்கப்பட்டது துப்பாக்கியின் உருவம் மட்டுமே. எஃகின் கடினமோ ஸ்பிரிங்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பலத்தோடு இருக்க வேண்டும் என்பதோ கல் எந்தக் கோணத்தில் மோத வேண்டும் என்பதோ உருவத்தைப் பார்த்தால் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவர் சரியாகச் செய்திருந்தார்; கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் குறைகள் வரிசையாக இருந்தன. எங்கே தேடுவது என்பதை எனக்கு முதலில் காட்டியது இந்தக் கவனிப்புதான்.

பொறியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே குழலைப் பார்த்தாக வேண்டும். பிரிட்டனில் துப்பாக்கிக் குழல்களை அதிக மருந்திட்டு வெடித்துச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் நூற்றாண்டுகள் பழையது. பர்மிங்காம் சோதனைக் கூடம் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. கனடாவில் அப்படிப்பட்ட கட்டாயச் சோதனை கிடையாது. இந்த வகை நகல்கள் பெரும்பாலும் பற்றுவாய், அதாவது கிண்ணத்திலிருந்து குழலுக்குள் தீ போகும் துளை, துளைக்கப்படாமல் காட்சிப் பொருளாக அனுப்பப்பட்டு, விற்பவர் கையில்தான் துளை பெறுகின்றன. எனவே குழலின் மேல் எந்த முத்திரை அழகாக அடிக்கப்பட்டிருந்தாலும் அது நகலின் ஒரு பகுதியே தவிர, சோதனைக்குச் சாட்சி ஆகாது. குழலும் அதன் அடிப்புறத்தை அடைக்கும் திருகும் என் வேலை அல்ல என்று நண்பரிடம் தெளிவாகச் சொல்லி, உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் ஒருவரிடம் அவற்றை அனுப்பினோம். அவர் அடித்திருகைக் கழற்றி, மரைகள் முழு ஆழத்துக்குப் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்து, குழலின் உட்சுவரை ஆராய்ந்து, தம் முறைப்படி சோதித்த பிறகே லாக்கில் நான் கைவைத்தேன். லாக் கெட்டால் பெரும்பாலும் துப்பாக்கி வெடிக்காது. குழல் கெட்டால் பிடித்திருப்பவர் முகத்துக்கு அருகில் வெடிக்கும். இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம். நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. கனடாவில் சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் நீளத் துப்பாக்கிகளின் நகல்கள் பழம்பொருள் என்ற வகையில் வருகின்றன. இந்தியாவிலோ வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

இனி லாக். வேலை செய்யும் விதம் சுருக்கமாக இதுதான்: குதிரையின் தாடைகள் தோலில் சுற்றிய கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்ததும் மெயின் ஸ்பிரிங் குதிரையை முன்னால் தள்ளும். கல்லின் விளிம்பு ஃபிரிசன் எனப்படும் எஃகு முகத்தில் மோதி, இழைப்புளி மரத்தைச் சீவுவதுபோல், கண்ணுக்கே எட்டாத எஃகுத் துகள்களைச் சீவி எடுக்கும். சீவும் வேகத்தில் சூடேறிய அந்தத் துகள்கள் காற்றுப் பட்டு எரிவதையே நாம் பொறி என்கிறோம். அதே அடியில் ஃபிரிசன் பின்னுக்குச் சாய்ந்து கிண்ணத்தைத் திறந்துவிட, பொறிகள் மருந்தில் விழுகின்றன. கல் எரிவதில்லை, எஃகுதான் எரிகிறது. ஆகவே பொறி வரவில்லை என்றால் எஃகைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆனாலும் செலவு குறைந்த காரணத்திலிருந்து தொடங்குவதே பட்டறை ஒழுங்கு. துப்பாக்கியோடு வந்த கல் வாளால் அறுத்து மெருகிட்டது. அதன் விளிம்பு மழுங்கலாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள பிராண்டன் ஊரின் கரிய சக்கிமுக்கிக் கல்லைக் கையால் கொத்திச் செய்த ஒன்றைப் பொருத்தினேன். பிரிட்டிஷ் படைக்கே அக்காலத்தில் கல் கொடுத்த ஊர் அது. கொத்திய கல்லின் விளிம்பு கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாக இருக்கும். பொறி சற்றுக் கூடியது, போதவில்லை. ஃபிரிசனின் முகத்தில் கல் பட்ட இடமெல்லாம் ஆழமான உழவுக் கோடுகள் விழுந்திருந்தன. நன்கு தோய்ச்சல் பெற்ற, அதாவது சிவக்கச் சூடாக்கி நீரில் தோய்த்துக் கடினமாக்கிய, முகத்தில் கல் மெல்லிய கீறல்களையே விடும்.

அதன் பிறகு அரச் சோதனை. ஃபிரிசன் முகத்தின் ஓரத்தில் நுண்ணரத்தை வைத்துத் தள்ளினால், கடினமான எஃகாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும்; மிருதுவாக இருந்தால் கடித்துப் பிடிக்கும். இங்கே அரம் கடித்தது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நல்ல எஃகுக்குத் தோய்ச்சல் கொடுக்காமல் விட்டிருக்கலாம், அல்லது தோய்ச்சல் ஏறவே முடியாத, கார்பன் குறைந்த எஃகாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஃபிரிசனைக் கழற்றி, காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது 770 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் செக்கச் சிவக்கச் சூடேற்றி நீரில் தோய்த்தேன். மறுபடியும் அரம் கடித்தது. சந்தேகம் தீர்ந்தது, அது கார்பன் குறைந்த சாதாரண எஃகு. இதை எத்தனை முறை சூடாக்கித் தோய்த்தாலும் பயன் கிடையாது. இந்த இடத்தில்தான் பலர் எரிவாயு டார்ச்சை வைத்துக்கொண்டு நாள்களை வீணாக்குகிறார்கள்.

எஃகில் கார்பன் இல்லை என்றால் அதை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். எலும்புக் கரியும் தோல் கரியும் மரக்கரியும் கலந்து, அதற்குள் ஃபிரிசனைப் புதைத்து, இரும்புப் பெட்டியின் மூடி இடுக்கைக் களிமண்ணால் பூசி அடைத்து, மின்சூளையில் சுமார் 900 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால், கரியிலிருந்து கார்பன் எஃகின் மேல்தோலுக்குள் ஊறும். ஊறும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பொறிக்கு அதுவே போதும். 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிக் கொல்லர்களும் இதே வேலையைக் கரி அடுப்பில் செய்தார்கள். பெட்டியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசியும் என்பதால் காற்றோட்டம் இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு நுணுக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஃபிரிசன் முழுவதும் ஒரே கடினத்தில் இருந்தால், அது சுழலும் திருகுத் துளையருகிலும் ஸ்பிரிங் உரசும் கால்பகுதியிலும் ஒரு நாள் கண்ணாடிபோல் உடைந்துவிடும். முகம் கடினமாக வேண்டும், கால் உறுதியாக வேண்டும். அதற்காகப் பெட்டியில் வைக்கும் முன்பே கால்பகுதியைக் களிமண்ணால் தடித்துப் பூசிவிட்டேன்; கார்பன் அங்கே ஏறவில்லை. பெட்டியைத் திறந்த கணமே ஃபிரிசனை நீரில் தோய்த்து, பிறகு அடுப்பில் ஏறக்குறைய 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எளிதில் உடையாதபடி கடினத்தைச் சற்றுக் குறைத்துப் பதம் இறக்கினேன். மெருகிட்ட இடத்தில் வெளிறிய வைக்கோல் நிறம் படிந்தது. அரத்தை வைத்துத் தள்ளியபோது அது ஒலியெழுப்பிக்கொண்டு வழுக்கியது. இந்த ஒலியை ஒருமுறை கேட்டுப் பழகியவருக்குப் பிறகு எந்த அளவுகோலும் தேவைப்படாது.

பொறி வந்துவிட்டது, நிறையவே வந்தது. ஆனால் கிண்ணம் முழுவதும் திறக்கவில்லை. கல் பாதி வழியில் நின்றது, அல்லது ஃபிரிசன் திறந்துவிட்டு எதிர்த்து எகிறிக் கல்லின் விளிம்பை உடைத்தது. இது ஸ்பிரிங்குகளின் சச்சரவு. கொக்கித் தராசை வைத்து இழுத்துப் பார்த்ததில், ஃபிரிசன் ஸ்பிரிங் தேவைக்கு மிகவும் அதிகமான பலத்தோடும், மெயின் ஸ்பிரிங் குதிரை விழும் பாதையின் கடைசிப் பகுதியில் பலமே இல்லாமலும் இருந்தது தெரிந்தது. ஃபிரிசன் ஸ்பிரிங்கின் வேலை கிண்ணத்தை மூடிவைப்பதும் திறந்த பின் அதைத் திறந்தே நிறுத்துவதும்தான். அதை நீளவாக்கில் உப்புத்தாளால் தேய்த்து மெலியச் செய்தேன். குறுக்குவாக்கில் ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கிருந்து தொடங்கும். மெயின் ஸ்பிரிங்கை வளைத்துச் சீராக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதனால் செய்தது என்று தெரியாத எஃகு அது. 0.75 சதவீதக் கார்பன் கொண்ட ஸ்பிரிங் எஃகுப் பட்டையை வளைத்துப் புதிதாக ஒன்று செய்து, எண்ணெயில் தோய்த்து, சுமார் 400 டிகிரியில் பதம் இறக்கினேன். குதிரை முழுவதும் விழுந்து நிற்கும் நிலையிலும் ஸ்பிரிங்கில் ஓரளவு அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும் என்பதுதான் நகல் செய்தவர் தவறவிட்ட செய்தி.

கோணத்துக்கு வருகிறேன். இந்த நகலில் கல், ஃபிரிசனின் மேல்விளிம்புக்கு அருகில், ஏறத்தாழ நேர்க்குத்தாக மோதிக்கொண்டிருந்தது. நேர்க்குத்தாக மோதினால் கல் சுத்தியலாகிவிடும், சீவாது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், 60 டிகிரியை ஒட்டிய சாய்வில் தொட்டு, முகம் நெடுகக் கீழே வழித்து, முடிவில் விளிம்பு கிண்ணத்தின் நடுவை நோக்கி நிற்பதே சரியான பாதை. இதற்குக் குதிரையின் கழுத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சிறிதளவு முன்னால் வளைக்க வேண்டியிருந்தது. இந்த நகலில் இருந்தது அன்னக் கழுத்து வடிவம். பிரிட்டிஷ் படை 1809 வாக்கில் அதைக் கைவிட்டு, கழுத்தின் நடுவே வளையம்போல் வலுவூட்டிய குதிரைக்கு மாறியது. அன்னக் கழுத்து மெல்லியது, போர்க்களத்தில் உடையக்கூடியது என்பதே அம்மாற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த மெல்லிய இடத்தைச் சிவப்பு மங்கும் முன்பே, அவசரமில்லாமல், வார்ப்பின் உள்ளே குமிழி எதுவும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வளைத்தேன்.

பொறி வராத துப்பாக்கி ஏமாற்றம் தரும், அவ்வளவுதான். உண்மையில் அபாயமான குறை வேறு இடத்தில் இருந்தது. குதிரைக்கு இரண்டு நிலைகள் உண்டு: மருந்திடும்போது நிறுத்திவைக்கும் அரை ஏற்றம், சுடுவதற்கான முழு ஏற்றம். லாக்கின் உள்ளே குதிரையோடு சேர்ந்து சுழலும் துண்டில் இரண்டு வெட்டுகள் இருக்கும். கொண்டி ஒன்று அவற்றில் விழுந்து பிடிக்கும். அரை ஏற்றத்து வெட்டு ஆழமாகவும், கொண்டியின் நுனியை உள்ளே சிறைப்பிடிக்கும் உதட்டோடும் இருக்க வேண்டும். விசையை எவ்வளவு அழுத்தினாலும் குதிரை விழக் கூடாது. அதற்காகவே அந்த வெட்டு இருக்கிறது. இந்த நகலிலோ இரண்டு வெட்டுகளும் ஒரே வடிவம். காலித் துப்பாக்கியில் அரை ஏற்றத்தில் வைத்து விசையை அழுத்தினேன், குதிரை விழுந்துவிட்டது. வரிசையில் தோளோடு தோள் நின்று, கிண்ணத்தில் மருந்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், வலப்பக்கத்தில் நிற்பவரின் முகம் பற்றுவாயிலிருந்து ஒரு கை தூரம்கூட இருக்காது.

அந்தத் துண்டு மிருதுவான எஃகு என்பதால் வெட்டின் விளிம்பும் ஏற்கெனவே மழுங்கத் தொடங்கியிருந்தது. பழைய வெட்டைப் பற்றவைத்து நிரப்பி, மெல்லிய அரத்தால் உதட்டோடு புதிதாக வெட்டி, கொண்டியின் நுனியை அதற்கேற்பத் தீட்டி, இரண்டுக்கும் ஃபிரிசனுக்குச் செய்த அதே கரிப்பெட்டி வைத்தியத்தைச் செய்தேன். முழு ஏற்றத்தின் பிடியை இலகுவாக்கச் சொல்லி நண்பர் கேட்டார், மறுத்துவிட்டேன். படைத் துப்பாக்கியின் விசை கனமாக இருப்பதே முறை. எல்லாம் பொருத்திய பின், அரை ஏற்றத்தில் விசையை முழு விரல் பலத்தோடு அழுத்தியும், அடிக்கட்டையைத் தரைவிரிப்பில் தட்டியும், குதிரையைப் பின்னிருந்து தள்ளியும் பார்த்தேன். அசையவில்லை. இந்த ஒரு சோதனையை, புதிதாக வாங்கிய எந்த நகலுக்கும், வாங்கிய அன்றே செய்துவிட வேண்டும் என்று மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பற்றுவாயைத் துப்பாக்கித் தொழிலாளரே சரிசெய்தார். விற்றவர் துளைத்திருந்த ஓட்டை அகலமாகவும், கிண்ணத்தின் அடிமட்டத்துக்குத் தாழ்வாகவும் இருந்தது. தாழ்வான துளையில் மருந்து போய் அடைத்துக்கொண்டால் அது திரிபோல் மெதுவாக எரிந்து, குதிரை விழுந்ததற்கும் வெடிப்பதற்கும் இடையே தாமதம் வரும். அவர் பழைய ஓட்டைக்கு எவர்சில்வர் உறையிட்டு, கிண்ணத்தின் மேல்மட்டத்தை ஒட்டி, 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டத்தில் புதிய துளை அமைத்துக் கொடுத்தார்.

மரத்தில் ஒரு வேலைதான். லாக்கைக் கையில் வைத்து இயக்கும்போது விறுவிறுப்பாக விழுந்த குதிரை, மரத்தில் பொருத்தியதும் சோம்பிப்போனது. அப்படி நேர்ந்தால் குறை மரத்தின் குழிவில் இருக்கிறது என்று பொருள். மெழுகுவத்திப் புகையை ஸ்பிரிங்கிலும் கொண்டியிலும் படியவைத்து லாக்கைப் பொருத்தி எடுத்தால், உரசும் இடம் கறுப்பாகத் தெரியும். அங்கே மட்டும் சிற்றுளியால் சுரண்டினேன். அதே புகைக்கரியைக் கொண்டே ஃபிரிசனின் அடிப்பரப்பும் கிண்ணத்தின் விளிம்பும் எங்கே முட்டுகின்றன என்று பார்த்து, மருந்து கசியாதபடி இரண்டையும் சேர்த்துப் பதியவைத்தேன்.

இப்போது அந்தத் துப்பாக்கி குழுவின் பயிற்சிகளில் குண்டில்லாத வெறும் மருந்தோடு தவறாமல் வெடிக்கிறது. வெடித்து முடித்த அன்றே வெந்நீரால் குழலையும் ஃபிரிசனையும் கழுவி எண்ணெயிட நண்பர் பழகிக்கொண்டார். கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைக் கொண்டுவந்துவிடும். ஃபிரிசனின் கடினத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதையும், ஒவ்வொரு அடியும் அதில் சிறிதைச் சீவிக்கொண்டு போகிறது என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது தேய்ந்து பொறி குறையத் தொடங்கும்போது மறுபடி கரிப்பெட்டியில் வைக்கலாம். அல்லது பழைய கொல்லர்கள் செய்ததுபோல், நல்ல கார்பன் எஃகுத் தகடு ஒன்றைத் தோய்ச்சல் கொடுத்து, முகத்தின் மேல் குறைந்த வெப்பத்தில் உருகும் ஈயப்பற்றால் ஒட்டிவிடலாம். அதற்கென ஒரு பழைய ரம்பத்தின் அலகை எடுத்துவைத்திருக்கிறேன்.